பெரிய ஐடி கம்பெனியில் வேலை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே, ஜூன் வந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். சித்தி பையனுக்குக் கேம்பஸில் கிடைத்திருக்கிறது, மாமாவோடு வேலை பார்ப்பவரின் மகளுக்கு இரண்டு ஆஃபர், எதில் சேர்வது, சேரலாமா, நாலு வருஷம் கழித்து என்ன ஆகும். ஒரே பதிலை இருபது பேருக்குச் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதி வைக்கிறேன், இனிமேல் கேட்டால் இதை அனுப்பிவிடுவேன். 11 வருஷம் ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருந்தேன், அதன்பின் 6 வருஷமாக ஓர் அமெரிக்கக் கம்பெனியின் சென்னை ஆபீஸில் இருக்கிறேன். இரண்டின் பெயரும் வேண்டாம், இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய கம்பெனி என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. சேர்வதற்கு முன் ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் கம்பெனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? உங்கள் சம்பளம், லீவு, ராத்திரி எத்தனை மணிக்குப் போன் அடிக்கும் என்பது வரைக்கும் அதிலிருந்துதான் கிளம்பும்.

டிசிஎஸ் (டாட்டா), சிடிஎஸ் (காக்னிசன்ட்), இன்ஃபோசிஸ், விப்ரோ, எச்சிஎல் எல்லாம் சர்வீஸ் கம்பெனிகள். லண்டனில் ஒரு பேங்க்குக்கோ அமெரிக்காவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ ஆட்களை வைத்து வேலை செய்துகொடுத்து பில் போடுவார்கள். விற்கிற சரக்கு உங்கள் நேரம். 2024 மார்ச்சில் டிசிஎஸ்ஸில் மட்டும் 6 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள், ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகை. சிடிஎஸ் 1994-இல் சென்னையில் ஆரம்பித்தது. இன்று தலைமையகம் நியூ ஜெர்சியில் இருந்தாலும், ஓஎம்ஆர் (சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை) டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் ஒன்று அங்கே இருந்திருப்பார், இல்லை அவர் மச்சான் இருப்பார்.

கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் மாதிரியானவை புராடக்ட் கம்பெனிகள். அங்கே விற்பது பொருள், நீங்கள் செலவுக் கணக்கில் வருவீர்கள். மூன்றாவதாக, வெளிநாட்டு பேங்க்குகளும் கார் கம்பெனிகளும் இங்கேயே சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கின்றன. முன்பு கேப்டிவ் என்றார்கள், இப்போது ஜிசிசி (குளோபல் கேபபிலிட்டி சென்டர்) என்கிறார்கள். குணத்தில் இரண்டுக்கும் நடுவில்.

ஆஃபர் லெட்டரில் 3.6 லட்சம் என்று இருக்கிறது. மாதம் 30,000 வருமா?

வராது. அது சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தம். அதில் உங்கள் பிஎஃப் போக, கம்பெனி போடுகிற பிஎஃப்பையும் சேர்த்திருப்பார்கள். ஐந்து வருஷம் இருந்தால்தான் கிடைக்கும் கிராஜுவிட்டியை (பணிக்கொடை) சேர்த்திருப்பார்கள், இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும், வருமா வராதா என்று தெரியாத வேரியபிள் பேயையும் சேர்த்திருப்பார்கள். கைக்கு 24,000 பக்கம் வந்தால் சரி.

எனக்கு எரிச்சல் இதில் இல்லை. நான் 2008-இல் சேர்ந்தபோதும் எண் கிட்டத்தட்ட இதேதான், 3 லட்சத்துச் சொச்சம். அதற்குப் பிறகு துரைப்பாக்கத்தில் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) வாடகை எங்கே போய் நிற்கிறது, சரவணபவனில் ஒரு மினி டிபன் எங்கே போய் நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். 2024-இல் சிடிஎஸ் இன்ஜினியரிங் அல்லாத டிகிரிக்காரர்களுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தபோது நெட்டில் எல்லோரும் வறுத்தெடுத்தார்கள், ஆனாலும் ஆள் கிடைக்காமல் போகாது. வருஷத்துக்கு லட்சக்கணக்கில் படித்து முடித்து வருகிறவர்கள் வாசலில் நிற்கும்போது விலை எப்படி ஏறும்?

அப்புறம் ஏன் எல்லோரும் அங்கேயே போய் விழுகிறார்கள்?

ஏனென்றால் மற்ற கதவுகள் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை. நான் படித்தது விருதுநகர் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ். அங்கே ஆயிரம் பேருக்குப் பரீட்சை வைத்து, நூறு பேரை அள்ளிக்கொண்டு போக வந்தது ஒரு சர்வீஸ் கம்பெனிதான். ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாத என்னை எடுத்து, மூன்று மாதம் உட்காரவைத்துச் சம்பளத்தோடு சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது, கீழே திட்டப்போவதையும் அதோடு சேர்த்தே படியுங்கள்.

அப்புறம் சம்பளம். மாதக் கடைசி வேலை நாளில் அக்கவுண்டில் விழும், 17 வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அப்பா பட்டாசு ஆபீஸில் கணக்கு எழுதியவர், தீபாவளிக்குப் பிறகு இரண்டு மாதம் சம்பளம் இழுபறியாகும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அது என்னவென்று தெரியும். பேங்க்கில் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் மேனேஜர் நாற்காலியைக் காட்டுவார். பெண் பார்க்கப் போனாலும் அப்படித்தான் (இப்போது கொஞ்சம் மாறிவிட்டது, “டீமில் லேஆஃப் ஏதும் உண்டா தம்பி?” என்று மாமனார்களே கேட்கிறார்கள்).

எல்லாவற்றையும்விடப் பெரியது இன்ஷூரன்ஸ். பெரிய கம்பெனிகளின் குரூப் பாலிசியில் பெரும்பாலும் அப்பா அம்மாவையும் சேர்க்கலாம், ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருந்தாலும் காத்திருப்புக் காலம் இல்லாமல். 2014-இல் அப்பாவுக்கு மதுரையில் ஸ்டென்ட் வைத்தபோது நான் கையிலிருந்து கொடுத்தது சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் மட்டும்தான். எந்த மேனேஜர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த வாரம் ஞாபகம் வரும். ஆனால் வேலை போன அன்றைக்கே அந்தப் பாலிசியும் போய்விடும். அதனால் பெற்றோருக்கு 60 ஆவதற்குள் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள், நான் எடுக்கவில்லை, இப்போது விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

ஆஃபர் வந்து ஒரு வருஷம் ஆகிறது, ஜாயினிங் தேதி வரவில்லை.

எனக்கும் ஏழு மாதம் தள்ளினார்கள், அது 2008 மந்தம். 2022-இல் முடித்தவர்களில் சிலரை இன்ஃபோசிஸ் இரண்டு வருஷத்துக்கு மேல் காக்கவைத்தது. அப்படிக் காத்திருந்தவர்களும் அடங்கிய மைசூர் பயிற்சி பேட்ச்சில், மூன்று முறை பரீட்சை எழுதியும் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் 300 பேருக்கு மேல் அனுப்பிவைத்தார்கள். ஆஃபர் லெட்டர் வேலை இல்லை, ஐடி கார்டு கழுத்தில் விழுந்த பிறகுதான் வேலை. அதுவரை சின்னதோ பெரிதோ கிடைத்ததில் சேர்ந்துவிடுங்கள்.

பெஞ்ச் என்றால் சும்மா இருந்து சம்பளம் வாங்குவதா? நல்லதுதானே?

முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை உங்கள் நேரத்துக்கு யாரும் பில் கட்டவில்லை, அதற்குப் பெயர் பெஞ்ச். நான் 2012-இல் 74 நாள் பெஞ்சில் இருந்தேன். தினமும் ஒன்பது மணி நேரம் ஸ்வைப் காட்ட வேண்டும், ஆனால் உட்கார இடம் கிடையாது, எனவே கேன்டீனில் ஒரு தூண் பக்கத்து மேஜைதான் என் ஆபீஸ். ஆள் ஒதுக்கும் டீமிலிருந்து போன் வரும்: “ஜாவா தெரியுமா? புனே போவீர்களா?” எனக்குத் தெரிந்தது மெயின்ஃப்ரேம், பேங்க்குகள் வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர் வேலை. வேண்டாம் என்றால் மறுத்ததாகக் குறித்துக்கொள்வார்கள், சரி என்றால் தெரியாத வேலைக்குப் பெட்டியைக் கட்ட வேண்டும். ஐம்பதாவது நாள் தாண்டியதும் மெயில் வரும் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

நீங்கள் எந்தத் தொழில்நுட்பத்தில் வளர்வீர்கள் என்பதை உங்கள் ஆசை தீர்மானிக்காது, அந்த வாரம் எந்த கிளையண்ட்டுக்கு ஆள் தேவை என்பது தீர்மானிக்கும். ஜாவா பயிற்சி முடித்த பையன் டெஸ்டிங்கில் விழுவான், டெஸ்டிங் படித்த பெண் ராத்திரி ஷிப்ட் சப்போர்ட்டில் விழுவாள். மூன்று வருஷம் அதிலேயே இருந்துவிட்டால் அதுதான் உங்கள் ரெஸ்யூமே. அதனால் முதல் இரண்டு வருஷத்துக்குள் அடம் பிடியுங்கள், சொந்தமாகப் படித்துவைத்துக்கொண்டு அடம் பிடியுங்கள். ஐந்தாவது வருஷத்தில் பிடிக்கும் அடத்துக்கு மதிப்பில்லை.

நன்றாக வேலை செய்தால் நல்ல ரேட்டிங் கிடைக்கும்தானே?

ஓரளவுக்கு. ஆனால் பல கம்பெனிகளில் ரேட்டிங் முதலிலேயே பங்கு போடப்பட்டிருக்கும், பெல் கர்வ் என்பார்கள்: மேலே இத்தனை சதவீதம், நடுவில் இத்தனை, கீழே சிலர் கட்டாயம். பத்துப் பேர் டீமில் பத்துப் பேரும் உழைத்திருந்தாலும் ஒருவர் கீழே போக வேண்டும். அது பெரும்பாலும் வாயில்லாப் பூச்சியாக இருப்பவர், அல்லது அந்த வருஷம் டீமுக்குப் புதிதாக வந்தவர், அல்லது பிரசவ லீவில் இருந்தவர்.

ஒரு வருஷம் நான் மூன்று தீபாவளிக்குச் சமமான ராத்திரி விழித்து ஒரு மைக்ரேஷனை (பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாற்றுவது) முடித்துக்கொடுத்தேன், கிளையண்ட்டே பாராட்டி மெயில் போட்டார். வருஷக் கடைசி மதிப்பீடான அப்ரைசலில் நடு ரேட்டிங். கேட்டதற்கு என் மேனேஜர் மறைக்காமல் சொன்னார்: “என் கையில் இருந்தது இரண்டு ஏ ரேட்டிங். ஒன்றை ராஜினாமா கொடுத்தவனைத் தக்கவைக்கக் கொடுத்தேன். நீ எங்கேயும் போக மாட்டாய் என்று தெரியும்.” கோபம் வந்தாலும், அந்த மனுஷன் உண்மையைச் சொன்னதற்கு இன்றும் மரியாதை வைத்திருக்கிறேன். அந்த வருஷம் எனக்கு 6 சதவீதச் சம்பள உயர்வு. இரண்டு மாதம் கழித்து வெளியிலிருந்து வந்து என்னிடமே வேலை கற்றுக்கொண்டவருக்கு என்னைவிட 40 சதவீதம் அதிகம்.

இதில் சதி எதுவும் இல்லை, கணக்கு அப்படி. உங்களுக்காக கிளையண்ட் கொடுக்கும் மணிக்கூலி வருஷா வருஷம் பெரிதாக ஏறாது, அப்புறம் உங்களுக்கு எங்கிருந்து ஏற்றிக் கொடுப்பார்கள்? புதிதாக ஆள் எடுக்க வெளிச்சந்தை விலை கொடுத்தாக வேண்டும், உள்ளே இருப்பவருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

புராடக்ட் கம்பெனியில் கோடிக்கணக்கில் சம்பளமாமே?

செய்தியில் வரும் “ஒரு கோடி” பெரிய அளவில் ஷேராக இருக்கும். அதையும் ஒரே நாளில் தர மாட்டார்கள், வழக்கமாக நாலு வருஷத்தில் பிரித்துத் தருவார்கள். அமேசானில் பிரபலமாக இருந்த கணக்கு முதல் வருஷம் 5 சதவீதம், அடுத்து 15, கடைசி இரண்டு வருஷமும் 40, 40. முதல் இரண்டு வருஷம் ஈடுகட்ட ரொக்க போனஸ் உண்டு, ஆனாலும் இரண்டாம் வருஷம் முடிவில் உங்களை அனுப்பிவிட்டால் பெரும்பகுதி கைக்கு வராது. ஷேர் கைக்கு வரும் நாளில் அதன் மதிப்பு முழுவதும் சம்பளமாகக் கணக்கிடப்பட்டு வரி பிடிப்பார்கள், பிறகு விலை விழுந்தால் அது உங்கள் தலைவிதி.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்க ஷேர் வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பக்கத்தில் அதைக் காட்ட வேண்டும், விற்காவிட்டாலும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் போட இடம் இருக்கிறது (2024 அக்டோபரிலிருந்து, வீடு நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் கிடையாது). தெருமுனை ஆடிட்டரிடம் போனால் அவர் இதைக் கேட்கவே மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேலை எப்படி? ஒரு பட்டனின் இடத்தை மாற்ற மூன்று மாதம் ஆகும். முதலில் டாக்குமெண்ட் எழுத வேண்டும், அதை எட்டுப் பேர் படித்துக் கருத்துச் சொல்வார்கள், ஒன்பதாவது ஆள் கடைசி வாரத்தில் வந்து முதலிலிருந்து கேட்பார். கிண்டலாகச் சொன்னாலும், கோட் எழுதுவதை நான் உண்மையில் கற்றுக்கொண்டது இப்போதைய கம்பெனியில்தான். நான் எழுதிய புரோகிராமை வரிவரியாகப் படித்து “இது ஏன்?” என்று கேட்க ஓர் ஆள் இருந்தது 11 வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கெட்டது என்னவென்றால், எல்லாக் கருவியும் அவர்களே உள்ளுக்குள் செய்து வைத்தது, வெளியே வந்தால் அந்த அறிவில் பாதி செல்லாக் காசு. அப்புறம் ஆன்-கால்: சில வாரங்களுக்கு ஒருமுறை உங்கள் முறை வரும், அந்த வாரம் ராத்திரி 2 மணிக்கு போன் அலறினால் பத்து நிமிஷத்தில் லேப்டாப் முன் இருக்க வேண்டும். மச்சினி கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவன் நான்தான், போட்டோ இருக்கிறது.

பெரிய இடம், வேலை போகாது என்று நம்பலாமா?

2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000 என்று அறிவித்தன. அந்த வருஷம் நஷ்டம் காட்டிய அமேசானைத் தவிர மற்றவை நஷ்டத்தில் ஓடிய கம்பெனிகள் இல்லை, கொரோனா காலத்தில் அள்ளிப்போட்டு ஆள் எடுத்ததன் மறுபக்கம். “டாட்டாவில் யாரையும் அனுப்ப மாட்டார்கள்” என்று எங்கள் பெரியப்பா சொல்வார். 2025 ஜூலையில் டிசிஎஸ் 2 சதவீதம் பேரை, சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாகச் சொன்னது, அதிலும் அடி நடுமட்டத்துக்கும் மேல்மட்டத்துக்கும்.

பெரிய கம்பெனியில் உங்கள் பெயரை எக்ஸெலில் சிவப்பாக்குகிறவர் உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார். நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே இடமில்லை, அவர் பார்ப்பது ஒரு வரிசையும் ஒரு செலவு எண்ணும். எங்கள் பக்கத்து டீமில் 14 வருஷம் இருந்தவரை எச்ஆர் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, கால் மணி நேரத்தில் முடித்து, திரும்ப இருக்கைக்குக்கூட விடவில்லை. அவர் டிபன் பாக்ஸை நாங்கள்தான் கீழே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இங்கே வழக்கமாக “நீக்குகிறோம்” என்று எழுதித் தர மாட்டார்கள், நீங்களாக ராஜினாமா செய்ததாகக் கையெழுத்துக் கேட்பார்கள். அங்கேயே போடாதீர்கள். மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். 2015 ஜனவரியில் கர்ப்பிணியாக இருந்த ஒரு டிசிஎஸ் ஊழியரின் நீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அவர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறார் என்று வாதாடியதால் நடந்தது அது. மேனேஜர் பட்டம் வேண்டும் என்று நாம் துடிக்கிறோம், நிஜத்தில் ஆளை நிர்வகிக்கும் வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்று யாரும் சொல்வதில்லை.

ஐடியில் சங்கம் வைக்க முடியாதாமே?

முடியும். ஐடி கம்பெனிகளுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு இல்லை, சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. சேர்ந்திருப்பவர்கள் குறைவு, வேலை போன மறுநாள்தான் தேடுகிறார்கள்.

ஆன்சைட் கிடைக்குமா?

கிளையண்ட் இருக்கும் நாட்டுக்கே அனுப்புவதுதான் ஆன்சைட், முன்பு போல இல்லை. அமெரிக்க வேலை விசாவான எச்1பி வருஷத்துக்கு 85,000, அதுவும் குலுக்கல். 2025 செப்டம்பரில் வெளியிலிருந்து எடுக்கும் புது விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று வேறு அறிவித்துவிட்டார்கள். ஆன்சைட்டை நம்பி குறைந்த சம்பளத்தில் உட்கார்ந்திருக்காதீர்கள், “அடுத்த குவார்ட்டர் உனக்குத்தான்” என்பது நான் அதிகம் கேட்ட பொய்.

90 நாள் நோட்டீஸ், பாண்ட் இதெல்லாம் செல்லுமா?

ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய அந்த நோட்டீஸ் காலம் செல்லும், நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். புதுக் கம்பெனி அவசரப்பட்டால் மீதி நாளுக்குப் பணம் கட்டி வர முடியுமா என்று கேளுங்கள், அது பழைய மேனேஜர் மனசைப் பொறுத்தது. இத்தனை வருஷத்துக்குள் போனால் பணம் கட்டுவேன் என்று எழுதி வாங்கும் பாண்ட், தொகை நியாயமாக இருந்தால் செல்லும், 2025 மே மாதம் ஒரு பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2 லட்சம் கேட்டதைச் சரி என்றது. ஆனால் “விட்டுப் போனபின் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது” என்கிற ஷரத்துக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவில் மதிப்பில்லை. பயமுறுத்தத்தான் போட்டிருப்பார்கள்.

பெண்களுக்கு எப்படி?

சட்டம் நன்றாக இருக்கிறது: 2017-லிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ லீவு, 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம். பெரிய கம்பெனிகள் இதில் ஏமாற்றுவதில்லை, சின்னக் கம்பெனியில்தான் “இந்தச் சமயத்துக்கு விட்டுவிடேன் மா” என்பார்கள். சிக்கல் திரும்பி வந்த பிறகு. என் மனைவியும் ஐடிதான். ஆறு மாதம் கழித்துப் போனபோது அவள் புராஜெக்ட்டில் வேறு ஆள், அவள் பெஞ்சில், அந்த வருஷ ரேட்டிங் கீழே. யாரும் சட்டத்தை மீறவில்லை. அவளிடம் கேட்டால் இந்தக் கேள்விக்கு மட்டும் நாலு பக்கம் எழுதுவாள்.

ஓஎம்ஆர் டிராஃபிக் அவ்வளவு மோசமா?

தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு நான் போய்வந்த காலத்தில் தினம் மூன்று மணி நேரம் ஷட்டில் பஸ்ஸில் போனது. மழைக்காலத்தில் கணக்கே கிடையாது. வீட்டு வாடகையில் மிச்சம் பிடித்ததை இடுப்பு வலி டாக்டரிடம் கொடுத்தேன். ஆபீஸ் பக்கம் வீடு பாருங்கள், இதில் விவாதமே இல்லை.

பேசாமல் ஸ்டார்ட்அப்புக்குப் போய்விடவா?

2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் பட்டியலானபோது 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று கம்பெனியே சொன்னது, உண்மைதான், அதில் ஒருவர் என் ஜூனியர். அவன் ட்ரீட்டில் நானும் சாப்பிட்டேன். அதே வருஷம் வேறொரு ஸ்டார்ட்அப்பில் மூன்று மாதச் சம்பளம் வராமல் என்னிடம் கடன் கேட்டவனும் என் ஜூனியர்தான். வீட்டில் இன்னொரு சம்பளம் வருகிறதென்றால் போய்ப் பாருங்கள்.

வேலையை விட்டு வரும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ரிலீவிங் லெட்டர், ஃபார்ம் 16, கடைசி மூன்று மாதப் பேஸ்லிப் மூன்றையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள், கடைசி நாள் சாயங்காலம் லாகின் போய்விடும். பிஎஃப்பை எடுத்துச் செலவழிக்காமல் அதே யுஏஎன்னில் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள். ஐந்து வருஷம் நெருங்குகிறதென்றால் தேதி பார்த்து ராஜினாமா கொடுங்கள், கிராஜுவிட்டி என்பது கடைசி அடிப்படைச் சம்பளத்தில் வருஷத்துக்குப் பாதி மாதத்துக்குக் கொஞ்சம் மேல், எதற்கு விட வேண்டும்? கூட இருந்தவர்களின் சொந்த நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள், என் அடுத்த வேலை அப்படி ஒரு நம்பரிலிருந்துதான் வந்தது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்குமுன் அதில் வீட்டு போட்டோ ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். என் மகளின் முதல் இரண்டு வருஷ போட்டோ ஏதோ ஒரு ஐடி ஸ்டோர் ரூமில் ஃபார்மேட் ஆகிப் போனது.